பிள்ளை சிவப்பாகப் பிறக்க

எங்கள் வீட்டில் கர்ப்பமான பெண்ணுக்கு ஒயின் கொடுப்பார்கள். வெளியூர் ஆட்களிடம் இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். புதுச்சேரியிலும் எல்லா வீட்டிலும் கிடையாது. உப்பளத்தில் எங்கள் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் இருந்தது, அதில் ஒன்று என் புகுந்த வீடு. எதிர்வீட்டு அம்மாளைப் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் எல்லாரும் மதாம் என்போம், அவர் மகன் பிரான்சில் இருக்கிறார். அவர் மனைவி உண்டாகியிருந்தபோது சாப்பாட்டோடு சிவப்பு ஒயின் குடித்தாளாம், பேரன் ரோஜாப்பூ நிறத்தில் பிறந்தானாம். அந்த மருமகள் வெள்ளைக்காரி என்பதை என் மாமியார் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒயின் குடித்தால் ரத்தம் ஊறும், பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அதைக் குடி என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அது மருந்து. சமையலறை அலமாரியில் குங்குமப்பூ டப்பாவுக்கும் சத்துமாவுக்கும் நடுவில் அந்த பாட்டில் நிற்கும். என் மாமனார் மில்லில் வேலை பார்த்து, மில் மூடிய பிறகு குடித்தே செத்தவர். அவர் குடித்ததைப் பற்றி வாரம் ஒருமுறையாவது மாமியார் ஒப்பாரி வைப்பார். அதே வாயால், 'ஒயின் குடிச்சியா?' என்று மருமகளைக் கேட்பார். இரண்டும் ஒரே கடையிலிருந்து வருவது அவருக்கு உறைத்ததே இல்லை.

நான் உண்டாகியிருந்தபோது எனக்கும் கொடுத்தார்கள். மாமியார் பார்வையில் நான் மாநிறம், அதனால் எப்போதாவது ஒரு மூடி போதும் என்று முடிவானது. எனக்கு அந்த வாடையே குமட்டும். வாயில் அடக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுவேன். வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வந்து என்னை வில்லியனூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் போக ஒரு வீடு இருந்தது. அதனால் எனக்குப் பெரிய தைரியம் எதுவும் தேவைப்படவில்லை.

என் ஓர்ப்படிக்கு அந்த வீடு இல்லை. அவள் கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண். தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். என் கொழுந்தன் அதே எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருந்தான். பார்த்தார்கள், பிடித்தது, பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றார்கள். வேறு சாதி என்று இரண்டு பக்கமும் குதித்தார்கள். அவளுடைய அண்ணன்கள், அவள் செத்துவிட்டதாக நினைத்துத் தலை முழுகிவிட்டோம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். நல்ல கறுப்பு அவள். நான் என்றால் அழகான கறுப்பு என்பேன். மாமியாருக்கு அதில் அழகு என்பது காதில் விழாது.

முதல் பிள்ளை வயிற்றிலேயே ஆறாம் மாதத்தில் போய்விட்டது. துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரும் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். பப்பாளி சாப்பிட்டாயா, கம்பெனியில் நின்றுகொண்டே வேலை செய்தாயே, பெற்றவள் வயிற்றெரிச்சல் சும்மா விடுமா. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் மறுபடி உண்டானபோது வேலையை விடச் சொன்னார்கள், விட்டாள். அந்த வேலை எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை, நின்றுகொண்டே செய்கிற வேலைதானே என்று நினைத்தேன். ஆனால் அங்கேதான் அவளோடு சேர்ந்து சாப்பிடவும் கேலி பேசவும் நாலு பெண்கள் இருந்தார்கள். இப்போது காலையிலிருந்து மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசைகிறதா என்று பார்ப்பது ஒன்றே அவள் வேலையாகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவருவாள்.

"அக்கா, தொட்டுப் பாருங்க. காலையிலேருந்து அசையவே இல்ல."

தொட்டால் அசையும். அதற்கு ஒரு மணி நேரம் சிரிப்பாள். பிறகு மறுபடியும் முகம் சுருங்கிவிடும். இரவில் தூங்குவதே இல்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

சாதிக் கோபத்தில் முதல் முறை கொடுக்காத ஒயினை அந்த நேரத்தில்தான் மாமியார் தொடங்கினார். அவள் நிறத்துக்கு ஒரு மூடி எல்லாம் காணாது என்று, அரை டம்ளர். எங்கள் பள்ளிக்கு ஒருமுறை பேச வந்த டாக்டரம்மா ஒருவர், கர்ப்பத்தில் மதுவைத் துளிகூடத் தொடக் கூடாது, பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று சொன்னது எனக்கு நினைவிருந்தது. அதை மாமியாரிடம் சொன்னேன். அவர் காய் நறுக்கிக்கொண்டே, பிரான்சில் இருப்பவர்கள் எல்லாம் மூளை இல்லாதவர்களா என்று கேட்டார். என் கணவரிடம் சொன்னேன். அம்மா விஷயத்தில் என்னை இழுக்காதே என்று செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அவளிடமே சொன்னேன், பிள்ளைக்கு ஆகாது, என்னைப் போல் துப்பிவிடு என்று. அவள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னாள்.

"அது உள்ள போனா பயம் கொஞ்ச நேரம் வாய மூடிக்குதுக்கா. நேத்து நல்லா தூங்கினேன்."

இப்போது யோசித்தால், முழு விஷயமும் அந்த இரண்டு வரியில் இருந்தது. பயம் என்கிற வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டேன். ஆனால் என் மண்டைக்குள் பிள்ளையின் மூளைதான் ஓடிக்கொண்டிருந்தது.

அலமாரியில் பாட்டில்கள் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாகின. மருமகள் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாள் என்று மாமியாருக்குப் பெருமை. கொழுந்தன் தினமும் சாயங்காலம் பட்டறையிலிருந்து வரும்போதே குவார்ட்டர் பிராந்தியோடு வருவான். அவன் கெட்டவன் இல்லை. வாயில்லாதவன். உள்ளே இரண்டு கிளாஸ் போனால்தான் அவனுக்குப் பேச்சே வரும். பட்டறையில் யார் என்ன சொன்னார்கள், பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்றெல்லாம் அப்போதுதான் பேசுவான். அவன் மொட்டைமாடியில் உட்கார, அவள் பக்கத்தில் உட்கார, ஒருநாள் அவன் விளையாட்டாக டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். ஒயின் குடிக்கிறவள்தானே, இதில் என்ன என்று நினைத்திருப்பான். துணி எடுக்கப் போன நான் அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் கிழி கிழியென்று கிழித்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு கீழே போய்விட்டான். அவள் மட்டும் சொன்னாள், அந்த நேரத்தில்தான் அவர் என்னோடு பேசுகிறார், அதையும் நிறுத்தச் சொல்கிறீர்களா என்று. எனக்குக் கோபம் தலைக்கேறியது. தாயாகப் போகிறவள் பேசுகிற பேச்சா இது என்று கத்திவிட்டு இறங்கி வந்தேன்.

ஆஸ்பத்திரியில் செக்கப்புக்கு அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே நர்ஸ் ஒவ்வொருவரிடமும் வரிசையாகக் கேள்வி கேட்பார். எங்கள் முறை வந்தபோது, வீட்டுக்காரர் குடிப்பாரா என்று கேட்டார். குடிப்பார் என்றாள். அடிப்பாரா? இல்லை. குடிக்கிற புருஷனை எப்படிச் சமாளிப்பது என்று நர்ஸ் அன்பாகவே நாலு வார்த்தை சொன்னார், எடையைப் பார்த்தார், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். நீ குடிப்பாயா என்று கேட்கவில்லை. புடவை கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் அதைக் கேட்க யாருக்குத் தோன்றும்?

நீயாகவே சொல்லு, அவர்கள் ஏதாவது வழி செய்வார்கள் என்று நான் ஒரு மாதம் அவளை நச்சரித்தேன். அதற்குள் பிராந்தியும் பழகி, காலையில் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அடுத்த முறை போனபோது சொல்லிவிட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள். நர்ஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் குரல் அந்த ஹால் முழுக்கக் கேட்டது. நீயெல்லாம் பொம்பளையா, பிள்ளை வேண்டுமென்று எத்தனை பேர் கோயில் கோயிலாகச் சுற்றுகிறார்கள் தெரியுமா என்று கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை வயிறும் எங்கள் பக்கம் திரும்பியது. அதில் எங்கள் தெருப் பெண்ணும் ஒருத்தி. நாங்கள் பஸ் பிடித்து வீடு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

மாமியார் வாசலிலேயே நின்றார். குடிகாரியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோமே என்று மார்பில் அடித்துக்கொண்டார். நான் பொறுக்காமல், பழக்கிவிட்டதே நீங்கள்தானே அத்தை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பொய்யே இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"நான் குடுத்தது மருந்துடி. இவ குடிச்சது சாராயம். ரெண்டும் ஒண்ணா?"

அன்றோடு அலமாரி பாட்டில் மாமியாரின் பீரோவுக்குள் போனது. கொழுந்தன் முதல் முறையாக அவளை அறைந்தான். ஊர் சிரிக்கிறதாம். ஊர் சிரித்தது அவன் குடித்ததற்கு அல்ல, அவள் குடித்ததற்கு. அதற்குப் பிறகு வெளியிலேயே குடித்துவிட்டு வர ஆரம்பித்தான். அந்த மொட்டைமாடிப் பேச்சும் போயிற்று. அவள் செக்கப்புக்கு என்று மறுபடி அங்கே காலெடுத்து வைக்கவே இல்லை. நான் ஒரு குடிநோய் மீட்பு மையத்தில் போய் விசாரித்தேன். அங்கே இருந்தவர் மரியாதையாகப் பேசினார். படுக்கை எல்லாம் ஆண்களுக்குத்தான் மேடம், கர்ப்பிணியை வைத்துக்கொண்டால் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடும், பிரசவம் முடிந்து கூட்டி வாருங்கள் என்றார். பிரசவத்துக்கு முன்னால்தான் தேவை என்று சொன்னேன். புரிகிறது மேடம் என்றார்.

மிச்சமிருந்தது அவள் அம்மா வீடுதான். இந்த வீட்டிலிருந்து இரண்டு மாதம் விலகி, பெற்றவள் பக்கத்தில் இருந்தால் சரியாகிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு கனகசெட்டிக்குளம் போனேன். பஸ்ஸில் அவள் குழந்தை மாதிரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இதுதான் நான் படித்த பள்ளிக்கூடம், இங்கேதான் நாங்கள் படம் பார்க்க வருவோம் என்று காட்டிக்கொண்டே வந்தாள். அவ்வளவு பேசி நான் அவளைப் பார்த்ததில்லை.

அவள் அம்மா எங்களை உள்ளே உட்காரவைத்து, சங்கரா மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டார். மகள் வயிற்றைத் தடவிக்கொண்டே அழுதார். நான் மெல்ல விஷயத்தைச் சொன்னேன், குடியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பிரசவம் வரைக்கும் இங்கே இருக்கட்டும் அம்மா என்றேன். அவர் வாசலைப் பார்த்தார். பெரிய மகன் கடலிலிருந்து வருவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டால் நல்லது என்று சொன்னார். எங்களுக்குப் பாதி மீனை ஒரு தூக்கில் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு, அந்தத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டவுனில் இறங்கியதும் ஒரு நிமிஷம் அக்கா என்றாள். நான் கையைப் பிடித்தேன். பிடித்த கையில் அவள் கை உதறிக்கொண்டிருந்தது. விடுவித்துக்கொண்டு நேராக எதிரில் இருந்த ஒயின்ஷாப்புக்கு நடந்தாள். எங்கள் ஊரில் ஒயின்ஷாப்பில் சுற்றுலா வரும் பெங்களூர்ப் பெண்கள் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புடவை கட்டிய உள்ளூர்ப் பெண் நிற்பது வேறு. சனிக்கிழமைக் கூட்டம். இனி என்ன அவமானம் நடக்குமோ என்று நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். நடந்தது வேறு. வரிசையில் நின்ற ஒருவர் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். முன்னால் நின்றவர்களுக்கும் குரல் கொடுத்தார்.

"புள்ளத்தாச்சி நிக்கிது, வழி உடுங்கப்பா."

அத்தனை ஆண்களும் விலகி வழிவிட்டார்கள். கடைக்காரர், வீட்டுக்காரருக்கா என்று கேட்டாராம். ஆமாம் என்றாளாம். பாவம், இந்த நிலையில் உன்னை அனுப்புகிறானே என்று திட்டிக்கொண்டே பேப்பரில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். பிள்ளை உண்டான நாளிலிருந்து அவளிடம் மரியாதையாக நடந்துகொண்ட ஆட்கள் அவர்கள்தான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டிலேயே நின்று அழுதேன்.

பெண் குழந்தை பிறந்தது. குறை மாதம் இல்லை, ஆனால் கையளவுதான் இருந்தது. மாமியார் துணியை விலக்கிப் பார்த்தார். பிறந்த குழந்தைகள் எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே எதிர்வீட்டு மதாமுக்கு போன் போட்டு, ஒயின் வேலை செய்துவிட்டது என்றார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஆறு வயது முடிந்துவிட்டது. நடக்க நாளானது, பேச அதைவிட நாளானது. யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டு கையைப் பிடித்துக்கொள்ளும், முன்பின் தெரியாதவர் கூப்பிட்டாலும் கூடவே போய்விடும். என் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறோம். இன்றைக்கு 'அ' எழுதினால் நாளைக்கு அதைப் புதிதாகப் பார்க்கிறது. இருபது வருஷமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மந்தமான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், சேட்டைக்காரப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை என்று முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா வழியில் யாருக்கோ இப்படி இருந்திருக்கும் என்று மாமியார் முடித்துவிட்டார்.

போன மாதம் ஒரு மூளை நரம்பு டாக்டரிடம் காட்டினோம். மாமியாரும் வருவேன் என்று வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் நிதானமானவர். குழந்தையின் முகத்தை நன்றாகப் பார்த்தார், மேலுதட்டை லேசாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கர்ப்ப காலத்தில் ஏதாவது மருந்து, மது, புகை உண்டா என்று தாயிடம் கேட்டார். ஏழு வருஷத்தில் அவளிடம் நேராக அதைக் கேட்ட முதல் மனிதர். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டு, சத்தான சாப்பாட்டைத் தவிர எதையும் தொடவிடவில்லை சார் என்றார். டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள், ஆமாம் சார் என்றாள். எல்லாரும் வெளியே வந்த பிறகு நான் மட்டும் திரும்பிப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்தபோதே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றார். இதைச் சரிசெய்ய மருந்து கிடையாது, பயிற்சி கொடுக்கலாம், பொறுமையாக இருங்கள் என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாடியில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தபோதே வாடை வந்தது. காலை பத்து மணி. டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. என்னாலதானேக்கா என்றாள். பொய் சொல்லலாம் என்றுதான் மாடியேறினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஒரு பாவாடையை எடுத்து மடித்தாள். அன்றைக்கே எத்தனை முறை சொன்னேன், பிள்ளைக்கு ஆகாது என்று, கேட்டாயா என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது.

"சொன்னீங்க. கொழந்தைக்கு ஆகாது, கொழந்தைக்கு ஆகாதுன்னு எல்லாருந்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியாதாக்கா அது? எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேனே, அதுக்கு இன்னா பண்றதுன்னு யாரும் சொல்லலியே."

 பேச்சை மாற்ற, இப்போது எதற்குக் குடிக்கிறாய், இப்போது என்ன பயம் என்று கேட்டேன். மடித்த துணிகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப பயமே இல்லக்கா. பயந்தது நடந்துபோச்சு. இப்ப அவள தெனமும் பாக்கணுமே."